ஆணிவாய்ச் சித்தி தனக்கு அடித்துக்கொண்ட குஷன்

இந்த உலகத்தில் யாராவது எங்கேயாவது நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு என் சித்திதான் காரணம். ராஜாக்கள் காலத்தில் அவள் பிறந்திருந்தால் பாதிப் போர்கள் நடந்தே இருக்காது. சித்தி குஷன் அடித்த சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போய்க் குதிரையில் ஏறுவானா என்ன? பூமி இத்தனை வேகத்தில் சுற்றியும் நமக்குக் குலுங்காமல் இருப்பது அடியில் சித்தி போட்டு வைத்திருக்கும் ஸ்பிரிங்கால்தான். இதை நான் வகுப்பில் சொன்னபோது அறிவியல் டீச்சர் என்னை வெளியே நிற்க வைத்தார். வெளியே நன்றாகக் காற்று வந்தது. அதன்பிறகு நான் உள்ளே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அம்மா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து நான் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் குஷன் கடை. துணி உரித்த சோபாக்கள் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாக்கக் கிடக்கும். ஸ்பாஞ்சுத் தூள் எங்கே இருக்காது என்று கேட்கக் கூடாது. டீயில் இருக்கும், தலையணையில் இருக்கும், சித்தப்பாவின் மீசையில் இருக்கும். நடுவில் சித்தி, வாய் நிறையக் குட்டி ஆணிகளோடு. நாக்கால் ஒரு ஆணியைத் திருப்பி உதட்டுக்குத் தள்ளுவாள். காந்தச் சுத்தியல் அதைக் கவ்வும். டக். அடுத்தது. டக். யார் எதைக் கேட்டாலும் "ம்" அல்லது "ம்ஹூம்"தான் பதில். அதனால் தெருவில் அவளுக்கு ஆணிவாய் என்று பெயர். அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தால் ஆணி கொட்டிவிடும் என்பதால் விட்டுவிட்டாள்.

தொழிலில் அவளுக்கு இரண்டே சட்டம்தான். துணியில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ஆணி ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. உள்ளே எத்தனை ஒட்டு, எத்தனை கிழிசல் இருந்தாலும் சரி. இழுத்துப் பிடித்து, மறைத்து அடித்து, கீழே ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடிவிட்டால் முடிந்தது.

போன வருடம் அவளுடைய வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், பரவவில்லை என்று டாக்டர் சொன்னபோது சித்தப்பா நாற்காலியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தி மட்டும் அந்த நாற்காலியின் கைப்பிடியில் விட்டுப்போன ஒரு தையலை விரலால் நிரடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பொய்யைத் தயார் செய்தாள். "தோள்பட்டையில ஜவ்வு கிழிஞ்சிடுச்சு, அதான் ஆபரேஷன். யார் கேட்டாலும் இதத்தான் சொல்லணும். புரியுதா?"

"எதுக்கு சித்தி? நோய் வந்தது ஒரு குத்தமா?"

"சொன்னதச் செய்டி. போறவன் வர்றவன் எல்லாம் முதல்ல அங்கதான் பாப்பான். எந்தப் பக்கம் இருக்கு, எந்தப் பக்கம் இல்லனு."

எனக்குப் பொய் சொல்வது சிரமமான காரியம் இல்லை. ஆனால் பொய்க்கு வைத்தியம் வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எதிர்த்த டயர் கடைக்காரர் தன் தோளுக்குத் தடவும் தைலத்தைப் பாட்டிலோடு கொண்டுவந்து கொடுத்தார். பாட்டில் மேல் ஈ உட்கார்ந்தால் செத்துவிடும், அப்படி ஒரு நெடி. "நல்லா சூடு பறக்கத் தேய்க்கணும்மா. எனக்கு ஒரே வாரத்துல சரியாயிடுச்சு" என்றார். அதன்பிறகு தினமும் தெருவைத் தாண்டி நின்று, "தேய்ச்சீங்களா?" என்று கத்துவார். சித்தி தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நல்ல மனிதரை ஏமாற்றுவது அவளுக்குப் பழக்கமில்லை.

குளியலறையில் அவள் விளக்குப் போடுவதை நிறுத்தினாள். பகலிலும் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு இருட்டில் குளித்தாள். சித்தப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலும் பஸ் ஓட்டுவது போலவே ஆகிவிட்டார். சித்தியிடம் பேசும்போது அவள் முகத்தை மட்டும் நேராகப் பார்ப்பார். பார்வை இம்மிகூடக் கீழே இறங்காது. அவர் பார்க்காத அந்த இடத்தைத்தான் சித்தி நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது அங்கிருந்த பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினார். காயம் நன்றாக மூடிய பிறகு, மணம் போடாத கிரீமைத் தொட்டு, விரல் நுனியால் தழும்பின் மேல் மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். சுவரில் விரல்களை நடக்க விட்டுக் கையை மேலே தூக்கப் பழக வேண்டும். உள்ளே வைத்துக்கொள்ள லேசான பருத்தித் துணி அடைப்பு ஒன்று கொடுத்தார். பிறகு, எடை உள்ள சரியான அடைப்பை அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

சித்தி அந்தத் துணி அடைப்பை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். "இது என்ன, அடிச்ச பஞ்சு மாதிரி? ஊருக்கெல்லாம் குஷன் அடிக்கிறேன், எனக்கு ஒண்ணு அடிச்சுக்கத் தெரியாதா?"

அடித்துக்கொண்டாள். பஸ் சீட்டுக்குப் போடும் கெட்டி ஸ்பாஞ்சை வெட்டி, செதுக்கி, மேலே ரெக்சின் போட்டு, ஓரத்தில் கயிறு போலப் புடைத்து நிற்கும் பைப்பிங் வேறு வைத்துத் தைத்தாள். அதைச் சோபாவுக்கு அடியில் போடும் பட்டை வாரால் மார்போடு சேர்த்துக் கட்டினாள். எப்படிக் கட்டுவாள்? தொழிலில் கட்டுவது போலத்தான். பல்லைக் கடித்து, இழுத்து, இனி இழுக்க முடியாது என்ற இடத்தில் இன்னும் ஒரு இழுப்பு.

"மூச்சு விட முடியுதா சித்தி?"

"இழுத்துக் கட்டினாத்தான்டி சுருக்கம் விழாம ஆறும்."

"அந்தக் கிரீம் தேய்க்கச் சொன்னாங்களே?"

"தச்ச இடத்த யாராவது பிசைவாங்களா? நூல் விட்டுடும். அந்த சிஸ்டரம்மா ஊசி போடுவாங்க, நான் ஊசியில தைக்கிறவ. எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. புதிதாகத் தைத்த சீட்டை நான் ஒரு தடவை குதித்துக் குதித்துப் பிரித்துவிட்டு வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருந்தது.

காயம் மூடியது. ஆனால் கை ஏறவில்லை. சுத்தியலை இடது கைக்கு மாற்றினாள். ஆணிக்குப் பதிலாகக் கட்டைவிரல் அடி வாங்கியது. உயரத்தில் இருப்பதையெல்லாம் என்னை எடுக்கச் சொன்னாள். ரெக்சினை இழுத்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். நான் இழுத்தால் சோபா சிரிப்பது போல வாய் கோணிக்கொள்ளும். கை போனால் கடை போகும், கடை போனால் சித்தி என்ற ஆளே அந்த வீட்டில் இருக்க மாட்டாள். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அப்போதுதான் சலூன்காரர் வந்தார். தன் கடை நாற்காலிக்கு உறை மாற்றக் கொடுத்திருந்தார். தங்கமான மனிதர், ஆனால் கத்தரிக்கோல் மாதிரி வாய் ஓயாது. உறையின் மேல் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று அவர் காட்ட, சித்தி பழைய ஞாபகத்தில் சட்டென்று இரண்டு கையாலும் எட்டி இழுத்தாள். வலியில் முகம் வெளுத்தது. அதே நேரம் வார் நழுவியது. ரெக்சினில் உள்ளே வியர்த்திருக்கும் போல. சட்டைக்கு அடியிலிருந்து அந்தக் குஷன் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்து, உருண்டு போய், சலூன்காரரின் செருப்பருகே நின்றது.

சித்தி கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியதை நான் பார்த்தேன். நெற்றி வரைக்கும் ஏறியது.

சலூன்காரர் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். "அட, என்னம்மா இது? மெத்து மெத்துனு இருக்கு. தலை சாய்க்கிற இடத்துக்கு வைக்கிறதா? பைப்பிங்கெல்லாம் பிரமாதமா இருக்கே. நம்ம நாற்காலிக்கு இதையே வெச்சுடுங்களேன்."

சித்தியிடமிருந்து 'ம்'மும் வரவில்லை, 'ம்ஹூம்'மும் வரவில்லை. அவள் வாயில் ஆணி எதுவும் இல்லை.

நான் பாய்ந்து போய் அதைப் பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். "இது என் தொப்பி! என் தொப்பிய யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி, டயர் கடை வரைக்கும் ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தேன். டயர் கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"இந்தப் பொண்ணுக்கு மறை கழண்டு போச்சும்மா" என்றார் சலூன்காரர் சிரித்துக்கொண்டே. "தலைமுடிய ஒட்ட வெட்டிவிட்டா சரியாயிடும், அனுப்பி வைங்க."

அவர் போனதும் சித்தி கடைக் கதவைச் சாத்தினாள். மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். வெளியே வந்து கேட்டவர்களிடம் ரெக்சின் வரவில்லை என்று நான் சொன்னேன். ரெக்சின் சுருள்கள் என் முதுகுக்குப் பின்னால் கூரை வரை நின்றுகொண்டிருந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்மா. கையை மட்டும் காட்டிட்டு வருவோம்" என்றார் சித்தப்பா, அவள் முகத்தை நேராகப் பார்த்து.

"கையை மட்டும் காட்ட முடியுமா? சட்டையக் கழட்டச் சொல்லுவாங்க. ஏன் தேய்க்கலனு கேப்பாங்க. நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சு..." சொல்லி முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

ஒரு காலை, சித்தப்பா வேலைக்குப் போன பிறகு, குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. கதவு திறந்திருந்தது. இருட்டில் சித்தி நின்றாள். தலைக்கு மேல் சட்டை. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. கழற்றப் போனவள் பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். வலது கை தோள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. சட்டை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது.

"சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றது சட்டை.

"சிரிக்கல சித்தி."

உண்மையில் சிரிப்பு வரவில்லை. விளக்கைப் போட்டுக் கடைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து சட்டையை முதுகுப் பக்கமாக வெட்டினேன். அவள் மறுபடியும் கட்டியிருந்த வார் தோலுக்குள் அழுந்தி இருந்தது. முடிச்சு இறுகிப் போய் அவிழ்க்க வரவில்லை, அதையும் வெட்டினேன். வாருக்கு அடியில் தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்து நீர் கசிந்தது. தொட்டால் சுட்டது. துண்டை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டு, நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கவனமாகப் பார்த்தேன்.

"சித்தப்பாவுக்கு போன் போடறேன்" என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சித்தப்பா இரவல் கார் ஒன்றில் எங்களை அழைத்துப்போன ஆஸ்பத்திரியில், பெரிய சிஸ்டர் திரைச்சீலையை இழுத்து மூடினார். நாலு பேர் இல்லை, அவர் ஒருவர்தான். நான் சித்தியின் பையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். நான் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருந்த வாரையும் குஷனையும் சிஸ்டர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்."

"இந்தப் பட்டை?"

"சோபாவுக்குப் போடறது." சித்தியின் குரல், திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரலாக இருந்தது. "இழுத்துக் கட்டினா சுருக்கம் இல்லாம ஆறும்னு நெனச்சேன் சிஸ்டர்."

"தேய்க்கச் சொன்னேனே, தேய்ச்சீங்களா?"

"தையல் பிரிஞ்சிடும்னு..."

சிஸ்டர் திட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன். பதிலுக்கு நான் சொல்ல ஒரு வசனமும் யோசித்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தைக்கிற துணி வளராதும்மா, உங்க தோல் வளரும். தையல் எப்பவோ உள்ளேயே கரைஞ்சு போச்சு. இப்ப அங்க இருக்கிறது நூல் இல்ல, நீங்க. அத அசைக்காம விட்டா அடியில இருக்கிற சதையோட போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சு. அதான் கை ஏறல. முதல்ல இந்தப் புண்ணு ஆறட்டும். டாக்டர் வந்து பாத்து மருந்து குடுப்பாரு. அதுவரைக்கும் எதுவும் கட்டக் கூடாது, பருத்திச் சட்டைதான், தொளதொளனு. ஆறினப்புறம் தேய்ங்க. கைப் பயிற்சிக்கு வேற ஒருத்தங்ககிட்ட அனுப்பறேன்." பிறகு கேட்டார்: "கண்ணாடியில பாத்தீங்களா?"

சித்தி சிஸ்டர் கையிலிருந்த குஷனைப் பார்த்தாள். "மறைச்சு அடிக்கிறதுதான் சிஸ்டர் என் தொழிலே" என்றாள். "என் வேலையில ஒரு ஆணி தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. இது இப்படி... அவரே பாக்க மாட்டேங்கறாரு. மூஞ்சிய மட்டும் பாத்துப் பேசறாரு. அருவருப்பா இருக்கும்ல."

"அவரு அப்படிச் சொன்னாரா?"

"சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"அதெல்லாம் எப்படி சிஸ்டர் கேக்கறது?"

"இந்தப் பொண்ணு கேப்பா போல இருக்கே" என்றார் சிஸ்டர் என்னைப் பார்த்து. நான் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

திரும்பும் வழியில் நான்தான் கேட்டேன். பின்சீட்டில் இருந்துகொண்டு கேட்பது சுலபம். "ஏன் சித்தப்பா, நீங்க சித்தி மூஞ்சிய மட்டுமே பாக்கறீங்க? கழுத்துல சுளுக்கா?"

சித்தி திரும்பி என்னை முறைத்தாள். சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "அவ கூச்சப்படுவாளேனு. ஒரு நாள் தெரியாம பாத்துட்டேன், உடனே துணிய இழுத்து மூடிக்கிட்டா. இனிமே பாத்து அவளக் கஷ்டப்படுத்தக் கூடாதுனு..." மீசையை நீவினார்.

"எனக்கு அது எப்படித் தெரியும்? நீங்கதான் பாக்கவே மாட்டேங்கறீங்க" என்றாள் சித்தி.

"பாக்கலாமா?"

"நடு ரோட்டுலயா? வண்டிய எடுங்க."

ஆனால் அவள் குரலில், நீண்ட நாளைக்குப் பிறகு, கொஞ்சம் ஆணி இருந்தது.

புண் ஆறியது. ரெக்சின் குஷனை அவளே கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டித் தூளோடு தூளாகக் கொட்டினாள். டயர் கடைக்காரரிடம் ஒரு நாள் தெருவைத் தாண்டிப் போய்த் தைலத்தைத் திருப்பிக் கொடுத்து, உண்மையைச் சொன்னாள். அவர் சித்திக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அது கிழிந்த நாற்காலி. சித்தி உட்கார்ந்துகொண்டே அதன் கிழிசலைத் திட்டினாள்.

சுவரில் விரல் நடக்கும் பயிற்சிக்கு நான் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். அடிக்கோட்டில் எறும்பு. மேலே தவளை, அதற்கு மேலே பல்லி, குரங்கு, உச்சியில் ஒட்டகச்சிவிங்கி. காலையில் சித்தி சுவரருகே நின்று விரல்களை மேலே நடத்துவாள். முகம் சுளிக்கும், உதடு கடிபடும்.

"இன்னிக்கும் தவளைதானா? ஒரு சோபாவையே தூக்கி நிறுத்துனவ!"

"வாய மூடுடி. வலிக்குது."

"வலிச்சா நிறுத்து. இழுத்துப் பிடிக்காதேனு அந்தக் கைப்பயிற்சி அண்ணன் சொன்னாருல. இது ரெக்சின் இல்ல."

இப்போது பல்லியைத் தாண்டிவிட்டாள். சுத்தியல் வலது கைக்கு வந்துவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக. தேய்ப்பதும் நடந்தது, ஆனால் விளக்கை அணைத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, கை போகிற வரைக்கும்தான். தழும்பு அக்குள் வழியாக முதுகுப் பக்கம் திரும்பும் கோடியில் அவள் விரல் எட்டவில்லை. அந்த இடம் மட்டும் கெட்டியாக, கயிறு போல நின்றது. சித்தப்பா வெளியூருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருந்த நாளில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கண்ணாடி வைத்த ஒப்பனை மேசையும் ஸ்டூலும் வேலைக்கு வந்திருந்தன. சித்தி கடைக் கதவைத் தாழிட்டு, அன்று காலை உறை மாற்றிய அந்த ஸ்டூலில் மேசைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். தொளதொளச் சட்டையின் வலது பக்கத்தை இறக்கி, துண்டால் முன்னால் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கோடிய மட்டும் தேய்ச்சு விடறியா? உனக்குக் கூச்சமா இருந்தா வேணாம்."

"கூச்சமா? எனக்கா? பள்ளிக்கூடத்துல தவளைய அறுத்தவ நானு."

"நீதான் அந்த வகுப்புக்கே போகலியே."

"வெளியில இருந்து அறுத்தேன்."

கிரீமை விரலில் எடுத்துக்கொண்டு பின்னால் நின்றேன். தொட்டேன். நான் நினைத்தது போல இல்லை. வழவழவென்று, வெதுவெதுப்பாக, அடியில் ஒரு மேடு. வட்டமாக, மெதுவாக, சிஸ்டர் சொன்னபடி. என் சித்தியின் தோல்தான். இதைத்தான் இத்தனை நாள் அவள் இருட்டில் ஒளித்து வைத்திருந்தாள். நான் நிறையப் பேசினேன்.

"பிரமாதமா ஆறியிருக்கு சித்தி. கோடு நேரா போகுது. நல்ல நிறம் வேற, லேசான ரோஸ். பக்கத்துல சிவப்பெல்லாம் ஒண்ணுமே இல்ல. பாத்தா பயமாவே இல்ல, சத்தியமா. நான் என் கண்ணால பாக்கறேன்ல."

துண்டு சித்தியின் மடியில் விழும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு ஒரு தடவை ஆழமாக உள்ளே போய், ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தது.

"கோடு நேரா இல்லடி" என்றாள். "நடுவுல வளையுது. நிறமும் ரோஸ் இல்ல. நானே பாத்துட்டேன், இதோ கண்ணாடியில. நீ எதுக்குடி பின்னாடி கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நிக்கற?"